கையெழுத்து இருந்தும் பெயர் போனது எப்படி: யூடித் லைஸ்டரும் மற்றவர்களும்

#1 – நெய்வண்ணம்

கலை வரலாற்றில் விடுபட்ட பெண் ஓவியர்கள் என்று பேச்செடுத்தாலே "பெண்களை வரைய விடவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். வரைய விட்டார்கள், சங்கத்தில் சேர்த்தார்கள், காசும் கொடுத்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். அப்புறமும் பெயர் போயிற்று. எந்த இடத்தில் போயிற்று, திரும்ப எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் பேசத்தான் இந்த இழை. யூடித் லெய்ஸ்டரை வைத்துத் தொடங்குகிறேன்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் 1609 ஜூலை 28 அன்று ஞானஸ்நானம். அப்பாவுக்கு பீர் வடிக்கும் தொழில். அந்த ஆலையின் பெயரே 'லெய்ஸ்டர்', அதாவது மாலுமிகளுக்கு வழிகாட்டும் துருவ நட்சத்திரம். குடும்பத்துக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் அவர் கையெழுத்து அப்படி: ஜே, எல் இரண்டு எழுத்தையும் பின்னி, வலப்பக்கம் ஒரு நட்சத்திரம் பாய்வதுபோல. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. 1633-இல் ஓவியர்களின் தொழில் சங்கமான புனித லூக்கா சங்கத்தில் உறுப்பினர். 1635 வாக்கில் அவரிடம் மூன்று பையன்கள் தொழில் படித்தார்கள். அதில் ஒருவன் வந்த சில நாளில் அதே ஊரின் பெயர்பெற்ற ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குத் தாவிவிட்டான். லெய்ஸ்டர் சும்மா விடவில்லை. சங்கத்தில் பிராது கொடுத்தார். பையனின் தாய் 4 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கொடுக்க வேண்டியதாயிற்று (அவர் கேட்டது 8). ஹால்ஸ் பையனைத் திருப்பி அனுப்பாமல் 3 கில்டர் அபராதம் கட்டினார். பையனைப் பதிவு செய்யாமல் வைத்திருந்ததற்கு லெய்ஸ்டருக்கும் அபராதம். ஆக, அந்த ஊரில் அவர் யாருக்கும் தெரியாத ஆள் இல்லை. 1648-இல் வந்த ஹார்லெம் நகர வரலாறு அவரைப் பெயர் சொல்லி, நட்சத்திரச் சிலேடையோடு புகழ்கிறது.

1636-இல் யான் மீன்ஸே மோலெனார் என்ற ஓவியரோடு திருமணம். 1660-இல் மரணம். 1668-இல் கணவர் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில் லெய்ஸ்டரின் ஓவியங்கள் "இறந்தவரின் மனைவி வரைந்தது" என்று இருக்கின்றன. பெயர் இல்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய 225 ஆண்டுகள் ஒரு படம்கூட அவர் பெயரில் புழங்கவில்லை.

1892-93-இல் லண்டனில் ஒரு வழக்கு. சிரித்தபடி கோப்பை ஏந்தும் பெண்ணும் வயலின் வாசிக்கும் ஆணும் இருக்கும் படம். 1630 தேதி போட்டது. இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹால்ஸின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்று சொல்லி 4,500 பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியவர் கூர்ந்து பார்த்தபோது ஹால்ஸின் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஜே, எல், நட்சத்திரம். வழக்கு தீர்ப்புக்குப் போகுமுன் விலையைக் குறைத்துச் சமரசம் ஆனார்கள். 1893-இல் ஹோஃப்ஸ்டேட தெ க்ரூட் என்ற டச்சு அறிஞர் இந்த எழுத்தை வைத்து ஏழு படங்களை லெய்ஸ்டர் பெயருக்கு மீட்டார்.

படம் அதேதான், பூச்சும் அதேதான். பெயர் மாறியவுடன் விலை இறங்கியது. நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் சண்டை போட்டது யார் நஷ்டத்தை ஏற்பது என்றுதான்.

#2 – சேதுக்கரை

நல்ல தொடக்கம். ஆனால் ஒரு குறுக்குக் கேள்வி. ஹால்ஸே 18-ஆம் நூற்றாண்டில் மதிப்பிழந்து கிடந்தவர்தானே? 1860-களில் தோரே-பூர்ஜே என்ற பிரெஞ்சு விமர்சகர் எழுதிய பிறகுதான் அவர் விலை ஏறியது. மோலெனாரையும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? சின்னப் பெயர்களைப் பெரிய பெயர் விழுங்குவது சந்தையில் ஆண், பெண் பார்க்காமல் நடப்பது. இதைப் பெண் என்பதால் மட்டும் என்று சொல்ல முடியுமா?

#3 – நெய்வண்ணம்

சேது சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன 1860-தான் இந்தக் கதைக்குத் திறவுகோலே. ஹால்ஸ் விலை ஏறியதும் ஹார்லெம் பக்கத்துப் பழைய குடிக்கூத்துப் படம் எது கிடைத்தாலும் ஹால்ஸ் ஆக்கிவிட வியாபாரிக்குக் காரணம் கிடைத்தது. மோலெனார் படங்களும் அந்த அலையில் சிக்கியிருக்கும்.

ஆனால் மோலெனார் படம் தப்பாகப் போனாலும் பிடித்துக்கொண்டு போய்ச் சரிபார்க்க ஒரு நூலிழை கையில் இருக்கிறது. சங்கப் பதிவு, வீட்டுப் பத்திரம், கடன் வழக்கு, மரணப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒரே பெயர். லெய்ஸ்டருக்கு 1636-க்குப் பிறகு அந்த நூல் அறுந்துபோகிறது. விழுங்குவது எல்லோருக்கும் பொது. திரும்பக் கக்க வைக்கும் வழிதான் பெண்களுக்கு அடைபட்டிருந்தது.

#4 – ஆவணப்புழு

மூன்றாம் பதிவுக்கு ஒரு வழிமொழிவு, கூடவே தேடும் முறை. பெண் ஓவியரை ஆவணத்தில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஓவியர் பெயரைப் போட்டுத் தேடி, எதுவும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அது வேலைக்காகாது.

முதலில் நான்கு ஆண்களின் பட்டியலை எடுங்கள்: அப்பா, கணவர், சகோதரர், குரு. அவர்களுடைய சொத்துப் பட்டியல், உயில், கடன் வழக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் இவற்றில்தான் அந்தப் பெண் இருப்பார். அங்கேயும் பெயராக இருக்க மாட்டார். 'மகள்', 'மனைவி', 'விதவை' என்ற சொல்லாக இருப்பார். டச்சு ஆவணம் என்றால் 'ஹௌஸ்ஃப்ரௌ ஃபான்' (இன்னாரின் இல்லத்தரசி) என்ற தொடரைத் தேட வேண்டும். எழுத்தும் நிலையாக இருக்காது; லெய்ஸ்டருக்கே மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள்.

அடுத்து ஹேக் நகரில் உள்ள ஆர்.கே.டி. என்ற கலை வரலாற்று ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளம். இலவசம். ஒரு படத்தின் பக்கத்தைத் திறந்தால் இப்போதைய பெயரை மட்டும் பார்த்து நகராதீர்கள். முன்பு யார் பெயரில் இருந்தது, எந்த ஆண்டு யார் மறுத்தார் என்பதும் தனித்தனி வரிகளாக இருக்கும். நமக்கு வேண்டிய சரக்கு அங்கேதான். ஹால்ஸ் பெயரிலிருந்து தள்ளிவைத்த படங்களை மட்டும் தனியாக வடிகட்டிப் பாருங்கள், ஒரு பொழுது போய்விடும்.

மூன்றாவது, ஏலப் பட்டியலின் மொழி. 'அட்ரிப்யூட்டட் டு' என்றால் பெரும்பாலும் அவர் வரைந்ததாகவே இருக்கும் என்று நினைக்கிறோம், உறுதி இல்லை. 'ஸ்டூடியோ ஆஃப்' என்றால் அவர் பட்டறையில், அநேகமாக அவர் பார்வையில். 'சர்க்கிள் ஆஃப்' என்றால் அவர் காலத்தவர், அவர் சாயல். 'ஃபாலோயர் ஆஃப்' என்றால் சாயல் உண்டு, சிஷ்யராக இருக்க வேண்டியதில்லை. 'மேனர் ஆஃப்' பிற்காலத்தது. 'ஆஃப்டர்' என்றால் நகல், எந்தக் காலமும் ஆகலாம். பெண்கள் படம் அதிகம் ஒளிந்திருப்பது ஸ்டூடியோவிலும் சர்க்கிளிலும்தான்.

#5 – மைத்தொட்டி

கையெழுத்து பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் "கையெழுத்தைப் பார்த்தால் போதுமே" என்று நினைப்பவர்கள் அதிகம். சீர்செய்யும் கூடத்தில் கையெழுத்தைத்தான் கடைசியாக நம்புவார்கள். பார்க்கும் வரிசை இது.

சாய்வெளிச்சம் முதலில். விளக்கைப் படத்தின் ஒரு ஓரத்தில், பரப்போடு ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தால் கையெழுத்துக்குக் கீழே வேறு மேடு பள்ளம் இருக்கிறதா என்று தெரியும். பழைய எழுத்தைச் சுரண்டியிருந்தால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழவென்றிருக்கும்.

அடுத்து புற ஊதா விளக்கு. பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மங்கல் ஒளி விடும். அதற்கு மேலே பிற்காலத்தில் வைத்த பூச்சு கருந்திட்டாகத் தெரியும். கையெழுத்து வார்னிஷுக்கு மேலே கருப்பாக மிதந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பொறி உண்டு: புற ஊதாவைத் தடுக்கும் வார்னிஷ் வகைகள் இப்போது இருக்கின்றன. அதைப் பூசியிருந்தால் அடியில் உள்ள திருத்தம் எதுவும் தெரியாது, படம் சுத்தமாக இருப்பதுபோலவே காட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். 10 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் இருகண் நுண்ணோக்கியில் விரிசலைப் பாருங்கள். எண்ணெய்ப் பூச்சில் வயது விரிசல் வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எழுத்து அசல் என்றால் விரிசல் எழுத்தை வெட்டிக்கொண்டு போகும். எழுத்தின் இரண்டு கரையும் உடைந்த ஓடுபோல ஒன்றுக்கொன்று பொருந்தும். எழுத்து பிற்காலத்தது என்றால் அதன் வண்ணம் விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருக்கும், அல்லது விரிசலின் உதட்டில் பாலம் போட்டிருக்கும்.

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். தேய்ந்துபோன அசல் எழுத்தின் மேலேயே ஒருவர் நல்லெண்ணத்தில் மறுபடி எழுதியிருப்பார். மேல் அடுக்கு விரிசலுக்குள் இறங்கியிருக்கும், போலி என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அடியில் அசல் இருக்கும். இதைப் பிரிக்க எழுத்தின் ஓரத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துகள் எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்குவெட்டில் அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும்: அடிப்பூச்சு, வண்ணம், எழுத்து, வார்னிஷ், மறு எழுத்து. வார்னிஷ் அடுக்கு எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கிறது என்பதே பதில்.

பஞ்சில் கரைப்பான் தொட்டு எழுத்தைத் தேய்த்துப் பார்ப்பதாகச் சில காணொளிகளில் காட்டுகிறார்கள். அசல் எழுத்துகள் தொலைந்தது பலமுறை அப்படித்தான்.

#6 – கோடையிடி

மைத்தொட்டி சார், அருமை. எளிய கேள்வி ஒன்று. படம் வரைந்த ஓக் பலகையின் மர வளையத்தை எண்ணி ஆண்டு சொல்கிறார்களே, அதை வைத்து இது ஹால்ஸா லெய்ஸ்டரா என்று முடிவு செய்யக்கூடாதா?

#7 – மைத்தொட்டி

முடியாது. இருவரும் ஒரே ஊர், ஒரே காலம், ஒரே பலகைக் கடையிலிருந்து வாங்கியிருக்கவும் கூடும். வளையக் கணக்கு "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று மட்டும் சொல்லும்.

கணக்கு இப்படி. பலகையின் கடைசி வளையம் 1602 என்று வைத்துக்கொள்வோம். பலகை அறுப்பவர்கள் மரத்தின் நடுவிலுள்ள வைரப் பகுதிக்கு வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரிக்கும் என்று சீவிவிடுவார்கள். பால்டிக் பக்கத்து ஓக்கில் அந்த வெள்ளையில் குறைந்தது 8 வளையம், சராசரியாக 15. ஆக மரம் வெட்டியது 1610-க்கு முன் இல்லை. காய வைக்க இன்னும் இரண்டு ஆண்டாவது சேர்த்தால் 1612. படம் 1612-லும் வரைந்திருக்கலாம், 1640-லும் வரைந்திருக்கலாம். இதனால் பிடிபடுவது பிற்கால நகல்தான்.

கேன்வாஸாக இருந்தால் வேறு வழி உண்டு. எக்ஸ்ரே படத்தில் இழைகளைக் கணினியால் எண்ணி, இரண்டு படங்களின் துணி ஒரே சுருளிலிருந்து வெட்டியதா என்று பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரே சுருள் என்றால் ஒரே பட்டறை என்று சொல்ல வலுவான ஆதாரம். அப்போதும் கை யாருடையது என்று துணி சொல்லாது.

#8 – கோடையிடி

அப்படியென்றால் எக்ஸ்ரேயும் அகச்சிவப்பும் எதற்கு?

#9 – நெய்வண்ணம்

லெய்ஸ்டரின் சுய உருவப் படமே நல்ல எடுத்துக்காட்டு. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது, சுமார் 1630, ஏறக்குறைய 75க்கு 65 செ.மீ. இதுவும் ஒரு காலத்தில் ஹால்ஸ் பெயரில் இருந்த படம்தான். நாற்காலியில் முழங்கையை ஊன்றி, வரைவதைச் சட்டென்று நிறுத்தி நம் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். இடக்கையில் வண்ணத் தட்டும் ஒரு கைப்பிடி தூரிகையும். கழுத்தில் தட்டு மாதிரி விறைத்த பெரிய காலர். எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்கிற எவரும் அந்த உடையில் உட்கார மாட்டார்கள். என் நிலை இது என்று காட்டும் படம்.

அவருக்குப் பின்னால் இருக்கும் ஓவியத் தாங்கியில் ஒரு வயலின்காரன் பாதி முடிந்த நிலையில் இருக்கிறான். அகச்சிவப்பில் பார்த்தபோது அந்த இடத்தில் முதலில் ஒரு பெண் முகம் இருந்தது தெரிந்தது. அவர் தன் முகத்தையே வரைவதுபோலத் தொடங்கி, பிறகு மாற்றி, தான் விற்கும் வகைப் படத்தின் ஆளை அங்கே வைத்துவிட்டார். முகமும் வரைவேன், கூத்தும் வரைவேன் என்று ஒரே படத்தில் விளம்பரம். நகல் எடுப்பவர் இப்படி நடுவில் மனம் மாற மாட்டார். அகச்சிவப்பின் பயன் இதுதான்: படம் யோசித்து வரைந்ததா, பார்த்து வரைந்ததா என்று சொல்லும்.

ஆனால் அடிக்கோடு கரியிலோ கரிமை கலந்த மையிலோ இருந்தால்தான் அகச்சிவப்பில் நன்றாகத் தெரியும். செங்காவியிலோ வெள்ளைச் சுண்ணத்திலோ போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது; "அடிக்கோடே இல்லாமல் நேராக வரைந்திருக்கிறார்" என்று தப்பாக எழுதிவிடுவார்கள்.

#10 – மைத்தொட்டி

இன்னொன்றையும் இங்கே சேர்க்கலாம். ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் 'கடைசிச் சொட்டு' என்று ஒரு லெய்ஸ்டர் படம். இரண்டு குடிகாரர்கள், ஒருவன் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயில் ஊற்றிக்கொள்கிறான். வெறும் கூத்துப் படமாகத்தான் நெடுங்காலம் தெரிந்தது. ஒரு நெருடல் மட்டும்: ஆட்கள் மேல் விழும் வெளிச்சத்துக்கு ஏற்ற விளக்கு சரியான இடத்தில் இல்லாததுபோல் இருக்கும். 1993-இல் மேற்பூச்சை எடுத்தபோது நடுவில் ஒரு எலும்புக்கூடு வந்தது, மணற்கடிகாரமும் மண்டையோடும் ஏந்தி. யாரோ ஒருவர் மறைத்திருக்கிறார். வரவேற்பறையில் மாட்ட எலும்புக்கூடு விலை போகாது என்று நினைத்திருப்பார் போல. லெய்ஸ்டர் இலேசான படம் வரைந்தவர் என்று எழுதியவர்கள் சாவு அழிக்கப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்கள்.

#11 – பொன்னி வடிவு

எல்லாம் சரி. பெண் கை என்று தூரிகைத் தடத்தை வைத்துச் சொல்ல முடியுமா? மென்மை, நளினம் என்றெல்லாம் எழுதுகிறார்களே.

#12 – ஆவணப்புழு

முடியாது. சொன்னவர்கள் எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பதற்கு நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தின் படம் ஒன்று போதும். ஜன்னல் ஓரத்தில் வெள்ளை உடையில் உட்கார்ந்து வரையும் இளம்பெண், 1801. 1917-இல் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தவீத் வரைந்தது என்ற பெயரில் மெட்டுக்கு வந்தது. தவீத் படமாக இருந்தவரை அது குற்றமற்ற தலைசிறந்த படைப்பு.

1951-இல் சார்ல்ஸ் ஸ்டெர்லிங் என்ற கலை வரலாற்றாளர் ஒரு சங்கதியைக் கவனித்தார். 1801 பாரிஸ் கண்காட்சியின் சுவரைக் காட்டும் ஒரு செதுக்கோவியத்தில் இந்தப் படம் மாட்டியிருக்கிறது. தவீத் அந்த ஆண்டு அங்கே படம் வைக்கவே இல்லை. ஆக தவீத் இல்லை. அருமையான துப்பறிவு. அவர் கோன்ஸ்தான்ஸ் ஷார்பான்தியே என்ற பெண்ணின் பெயரை முன்வைத்தார். ஆனால் கூடவே, படத்தில் சாமர்த்தியமாக மறைத்த பலவீனங்கள் இருப்பதாகவும் பெண்மையின் சாயல் தெரிவதாகவும் எழுதினார். அதற்கு முன்பு முப்பது சொச்சம் ஆண்டு யாருக்கும் தெரியாத பலவீனம்!

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயரும் தப்பு. 1996-இல் மார்கரெட் ஓப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர் வேறு சான்றுகளை வைத்து அதை மரி-தெனீஸ் வில்லேர் வரைந்தது என்றார். மெட் இன்று அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறது. செதுக்கோவியத்தை வைத்துச் சொன்னது நின்றது. சாயலை வைத்துச் சொன்னது விழுந்தது.

#13 – சேதுக்கரை

ஆவணப்புழு சொன்னதன் மறுபக்கத்தையும் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை ஒரே பக்கம் சாய்ந்துவிடும். கிளாஸ்கோவில் 'ரோமச் சால்வை அணிந்த சீமாட்டி' என்று ஒரு படம். நெடுங்காலம் ஸ்பெயினில் வாழ்ந்த பெரிய ஓவியர் எல் கிரேகோ வரைந்தது என்றே இருந்தது. பிறகு சிலர், இல்லை, இது ஸ்பெயின் அரண்மனையில் இருந்த இத்தாலியப் பெண் ஓவியர் சொஃபோனிஸ்பா ஆங்குய்சோலா வரைந்தது என்றார்கள். பலருக்கும் அது பிடித்துப்போயிற்று; ஆண் பெயருக்குள் ஒளிந்திருந்த பெண் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது! கிளாஸ்கோ அருங்காட்சியகங்களும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகமும் சேர்ந்து ஆய்வு செய்து, 2019-இல் சொன்ன முடிவு: அலோன்சோ சான்ச்செஸ் கோயெல்யோ. எல் கிரேகோவும் இல்லை, சொஃபோனிஸ்பாவும் இல்லை.

#14 – நெய்வண்ணம்

அதை நானே போட நினைத்தேன், நன்றி. சொஃபோனிஸ்பா விஷயத்தில் குழப்பம் ஏன் இவ்வளவு என்றால், அவர் 1559-இல் ஸ்பெயின் அரசியின் தோழியாகப் போனார். பதவி தோழி, ஓவியர் இல்லை. அதனால் அரண்மனையில் வரைந்தவற்றில் கையெழுத்து போடவில்லை, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கும் இல்லை. பரிசாகவும் படியாகவும் வந்தது. கணக்குப் புத்தகத்தில் வரி இல்லையென்றால் பின்னால் வருபவருக்குப் பிடிக்க எதுவும் இல்லை. அரண்மனையின் சம்பள ஓவியராக இருந்த சான்ச்செஸ் கோயெல்யோவோ அதே ஆட்களை, அதே உடையில், அதே நிற்கும் நிலையில் வரைந்தார். பிராடோவில் இரண்டாம் ஃபிலிப்பின் கருப்பு உடைப் படம் இப்படி ஆண்களின் பெயரில் வெகுகாலம் இருந்து சொஃபோனிஸ்பாவுக்குத் திரும்பியது. கிளாஸ்கோ படம் எதிர்த்திசையில் போனது. இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும். ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தால் அடுத்த தலைமுறை அதை மட்டும் பிடுங்காது, சரியாகக் கொடுத்த பத்தையும் சந்தேகப்படும்.

#15 – பொன்னி வடிவு

கையெழுத்தையே படத்துக்குள் ஒளித்துவைத்தவர் உண்டு, அவரை விட்டுவிட்டீர்களே. ஆன்ட்வெர்ப் பாணியில் வரைந்த கிளாரா பேட்டர்ஸ். ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய பாலாடைக்கட்டிப் படம் ஒன்று இருக்கிறது, சுமார் 1615. 35க்கு 50 செ.மீ.கூட வராத சின்னப் பலகை. மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளிக் கத்தியின் பக்கவாட்டில் அவர் பெயர் பொறித்ததுபோல இருக்கும். பின்னால் உள்ள மண் ஜாடியின் உலோக மூடியை உருப்பெருக்கிப் பாருங்கள்: வெள்ளைத் தலையணி போட்ட ஒரு குட்டி முகம், வளைந்த பரப்புக்கு ஏற்ற மாதிரி சற்று இழுபட்டு. அவர்தான்.

பிராடோவில் உள்ள 1611 படத்தில் பொன்முலாம் கோப்பையிலும், பக்கத்து ஈயக் குடுவையிலும் இதே மாதிரி பல தடவை வருகிறார். ஒவ்வொரு பிம்பமும் அரிசி அளவுதான். கோப்பையைத் திருத்தாமல் கத்தியைச் சுரண்டாமல் இந்தப் பெயரை எடுக்க முடியாது. ஓரத்தில் போட்ட எழுத்தைச் சட்டத்தை மாற்றும் சாக்கில் வெட்டிவிடலாம். இதை வெட்டினால் படமே போய்விடும்.

2016-இல் பிராடோ அவருக்குக் கண்காட்சி வைத்தது. 1819-இல் திறந்த அருங்காட்சியகத்தில் ஒரு பெண் ஓவியருக்கென்று நடந்த முதல் கண்காட்சி அது.

#16 – கோடையிடி

இந்தப் பெண்கள் ஏன் பழம், பூ, முகம் என்றே வரைந்தார்கள்? பெரிய புராணக் காட்சி ஏன் இல்லை?

#17 – ஆவணப்புழு

சுருக்கமாக: ஆடையில்லாத ஆண் உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்களுக்கு இடம் இல்லை. அந்தப் பயிற்சி இல்லாமல் இருபது ஆள் நிற்கும் காட்சியை நிறுத்த முடியாது; அந்தக் காட்சிக்குத்தான் உயர்ந்த மதிப்பு. 1768-இல் லண்டன் ராயல் அகாடமியைத் தொடங்கிய உறுப்பினர்களில் ஆங்கெலிகா காஃப்மனும் மேரி மோசரும் உண்டு. உறுப்பினர்கள் ஆடையில்லாத மாடலைச் சுற்றிக் கூடியிருப்பதை ஸோஃபனி என்ற ஓவியர் வரைந்தபோது இவர்கள் இருவரையும் சுவரில் மாட்டிய படங்களாக வைத்துவிட்டார். அடுத்த முழு உறுப்பினர் பெண், லாரா நைட், 1936-இல்தான்.

விதிவிலக்கு: பிரஸ்ஸல்ஸின் மிகேலினா வௌட்டியே. வியன்னாவில் உள்ள அவருடைய 'பாக்கஸின் வெற்றி' 270க்கு 354 செ.மீ. துணி முழுக்க ஆண் உடல்கள். ஓரத்தில் நம்மை நேராகப் பார்க்கும் பெண் அவர்தான் என்கிறார்கள். 1659-இல் எழுதிய கோமகன் லியோபோல்ட் வில்ஹெல்மின் ஓவியச் சேகரிப்புப் பட்டியலிலேயே அவர் பெயர் இருக்கிறது. இருந்தும் இவ்வளவு பெரிய ஆண் உடல் காட்சியைப் பெண் வரைந்திருக்க முடியாது என்று படத்தை வேறு வேறு ஆண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆவணம் ஒன்றைச் சொல்ல, நம்பிக்கை அதை மறுத்த கதை இது.

#18 – அடையாற்றான்

நம்ம பக்கத்தில் ஒருவரையாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்பார்கள், அதற்குள் நானே: டி.கே. பத்மினி. 1940-இல் கேரளத்தின் பொன்னானிப் பக்கத்தில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் காலத்து மாணவி. 1969-இல் பிரசவத்தின்போது இறந்தார், முப்பது நிறையவில்லை. சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்த கூட்டத்தைப் பற்றி எழுதும்போது அடுக்கும் பெயர்களில் அவர் பெயர் வருவது அரிது. இங்கே யாரும் அவர் படத்தை வேறொருவர் பெயரில் விற்கவில்லை, வரிசையில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். தனி இழைக்குரிய விஷயம்.

#19 – சேதுக்கரை

தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

நெய்வண்ணத்துக்கு ஒரு கேள்வி மிச்சம். திருமணத்துக்குப் பிறகு லெய்ஸ்டர் வரைவதை விட்டுவிட்டார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. சரியா?

#20 – நெய்வண்ணம்

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1636-க்குப் பிறகு தேதியிட்ட படம் மிகக் குறைவு என்பது உண்மை. ஐந்து குழந்தைகள் (இருவரே வளர்ந்து ஆளானார்கள்), கணவருக்குத் தொடர்ந்து கடன், வீடு நில வரவு செலவு பெரும்பாலும் இவர் கையில். ஆனால் 1643 தேதியிட்ட துலிப் பூ நீர்வண்ணம் இருக்கிறது. 1654 தேதியிட்ட பூச்சாடி ஒன்று இருக்கிறது. சுமார் 1650-ஐச் சேர்ந்த இன்னொரு சுய உருவப் படம் 2016-இல் ஏலத்துக்கு வந்தது. விட்டுவிட்டவர் 1654-இல் பூச்சாடி வரைய மாட்டார். கணவர் பட்டறையிலிருந்து மோலெனார் எழுத்தோடு வெளிப்போன படங்களில் இவர் கை எவ்வளவு என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு மைத்தொட்டி சொன்ன துணி, குறுக்குவெட்டு எதுவும் உதவாது. ஒரே வீடு, ஒரே துணி, ஒரே வண்ணம்.

#21 – பொன்னி வடிவு

2021 மார்ச் 8 அன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் முதன்மைக் கூடத்தில் முதல் தடவையாக மூன்று பெண்களின் படங்களை மாட்டியது: யூடித்தின் 'செரனேட்', ரேச்சல் ரௌய்ஷின் பூப்படம், கெஸீனா டெர் போர்க் பங்களித்த ஓர் உருவப் படம். மூன்றில் ரௌய்ஷ் வாழ்ந்த காலத்தில் ஒரு படத்துக்கு 750 முதல் 1,200 கில்டர் வாங்கியவர், 83 வயது வரை தேதி போட்டு வரைந்தவர். அவருக்கே இவ்வளவு நாள் ஆயிற்று.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். டச்சு உச்சரிப்புப்படி அது லெய்ஸ்டர் இல்லை, 'லைஸ்டர்' என்பதுதான் நெருக்கம்.

#22 – நெய்வண்ணம்

சரிதான். தலைப்பில் மாற்றிவிட்டேன். பதிவுகளுக்குள் லெய்ஸ்டர் என்றே விட்டுவைக்கிறேன். இரண்டில் எப்படித் தட்டித் தேடினாலும் இந்த இழை வரட்டும்.